சிவில் படித்தவர் கமர்ஷியல் இன்சூரன்ஸ், சூரிட்டி பாண்டு பக்கம் போகலாமா?

கேட்டவர் சிவில் இன்ஜினியர். சாலை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் நான்கைந்து வருடமாக பில்லிங் பார்க்கிறார். சைட் அலைச்சல் போதும் என்று தோன்றிவிட்டது. தொழில் நிறுவனங்களுக்கான கமர்ஷியல் இன்சூரன்ஸிலும், காண்ட்ராக்டர் வேலையை முடிப்பார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி பிணை நிற்கும், புதிதாகப் பேசப்படும் சூரிட்டி பாண்டிலும் எதிர்காலம் உண்டா, எங்கிருந்து தொடங்குவது, என்ன படிப்பது என்பது அவர் கேள்வி. கட்டுமானம், தொழிற்சாலை சார்ந்த இன்சூரன்ஸ் புரோக்கிங்கில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

போகலாம். உங்களைப் போன்றவர்கள் அங்கே போதுமான அளவில் இல்லை. ஆனால் சூரிட்டி என்ற பெயரைப் பார்த்து நேராக அந்த வேலையைத் தேடாதீர்கள். இந்தியாவில் அந்த டீம்கள் இன்னும் மிகச் சிறியவை. ஒரு கம்பெனியில் ஒரு கை விரல்களுக்குள் ஆட்களை எண்ணிவிடலாம். அவர்களும் பெரும்பாலும் வங்கியில் கடன் பிரிவிலிருந்தோ ரேட்டிங் ஏஜென்சியிலிருந்தோ வந்தவர்கள். கட்டுமானத்துக்கும் இயந்திரங்களுக்குமான இன்ஜினியரிங் இன்சூரன்ஸ் வழியாக உள்ளே போய், இரண்டு மூன்று வருடத்தில் சூரிட்டிக்குத் திரும்புவதுதான் உங்களுக்கு நல்ல பாதை. ஏன் என்று சொல்வதற்கு முன், இரண்டும் வேறு வேறு தொழில் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

சாதாரண இன்சூரன்ஸில் இரண்டு தரப்பு. நீங்கள் பிரீமியம் கட்டுகிறீர்கள், நஷ்டம் வந்தால் கம்பெனி கொடுக்கிறது, கொடுத்த பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்பதில்லை. சூரிட்டியில் மூன்று தரப்பு: வேலையைக் கொடுப்பவர், வேலையை எடுக்கும் காண்ட்ராக்டர், நடுவில் பிணை நிற்கும் இன்சூரன்ஸ் கம்பெனி. பிரீமியம் கட்டுபவர் காண்ட்ராக்டர். பாதுகாப்பு கிடைப்பதோ வேலை கொடுத்தவருக்கு. காண்ட்ராக்டர் வேலையைப் போட்டுவிட்டுப் போனால் கம்பெனி பணம் கொடுக்கும், பிறகு அதே காண்ட்ராக்டரிடம் வந்து அந்தப் பணத்தை வசூலிக்கும். பாண்டு கொடுக்கும் நாளிலேயே அதற்கான ஒப்பந்தத்தில், பெரும்பாலும் புரமோட்டர்களின் சொந்தப் பொறுப்பையும் சேர்த்து, கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இதில் புதுமை ஒன்றுமில்லை. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 126-ஆம் பிரிவிலிருந்து பிணை பற்றித்தான் பேசுகிறது. பிணையாளியின் பொறுப்பு முதன்மைக் கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 128. பணம் கட்டிய பிணையாளி அதைக் கடனாளியிடம் திரும்பப் பெறலாம் என்கிறது 145. இந்தச் சில பிரிவுகளை மூலத்திலேயே படித்துவிடுங்கள், ஒரு மாலை நேரம் போதும். 133 உங்களுக்கு மிகவும் பிடிக்கும்: பிணையாளியின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்குப் பிணையாளி பொறுப்பில்லை. சைட்டில் வேலையை இடையில் மாற்றும் வேரியேஷன் ஆர்டர் எத்தனை பார்த்திருப்பீர்கள்! பாண்டு வாசகங்களில் 'எந்த மாற்றம் செய்தாலும் பிணையாளி சம்மதித்ததாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி எப்போதும் இருப்பது இதனால்தான்.

இப்போது ஏன் திடீரென்று இந்தப் பேச்சு? உங்கள் ஆபீஸ் ஃபைனான்ஸ் ஆட்களைக் கேட்டால் தெரியும். டெண்டர் போடக் கட்டும் வைப்புத்தொகையான ஈ.எம்.டி.க்கு ஒரு பேங்க் கேரண்டி (வங்கி உத்தரவாதம்), வேலை கிடைத்தால் அதை முடிப்பதற்கான பெர்ஃபார்மன்ஸுக்கு ஒன்று, வேலை தொடங்கத் தரும் மொபிலைசேஷன் அட்வான்ஸ் வாங்க ஒன்று, பிடித்து வைத்த ரிடென்ஷன் பணத்தை விடுவிக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வங்கி மார்ஜின் பணம் (வங்கியில் முடக்கி வைக்கும் தொகை) கேட்கும், சொத்து அடமானம் கேட்கும், அதோடு கம்பெனியின் லிமிட்டிலும் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். நடுத்தர காண்ட்ராக்டருக்கு வேலை எடுக்கும் திறமை இருந்தும் கேரண்டி லிமிட் இல்லாததால் டெண்டர் போட முடியாமல் போவது தினசரி நடக்கிற விஷயம். வேலை முடிந்த பிறகும் குறைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டிய டிஃபெக்ட் லயபிலிட்டி காலம் முடியும்வரை பழைய கேரண்டிகள் விடுபடாது. புது வேலைக்கு இடமிருக்காது.

இந்த நெருக்கடிக்குத்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் சூரிட்டி இன்சூரன்ஸ் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் பிப்ரவரி 1 பட்ஜெட்டில் அரசுக் கொள்முதலில் பேங்க் கேரண்டிக்குப் பதிலாக சூரிட்டி பாண்டை ஏற்கலாம் என்று அறிவித்தார்கள், பொது நிதி விதிகளையும் அதற்கேற்ப உடனே திருத்தினார்கள். அந்த வருடம் டிசம்பர் 19 அன்று நிதின் கட்கரி முதல் சூரிட்டி பாண்டு இன்சூரன்ஸைத் தொடங்கி வைத்தார். வெளியிட்டது அன்றைய பஜாஜ் அலையன்ஸ் ஜெனரல். ஆரம்பத்தில் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்தன: ஒப்பந்த மதிப்பில் 30 சதவீதத்துக்கு மேல் பாண்டு கூடாது, கம்பெனியின் பண பலத்தைக் காட்டும் சால்வென்சி விகிதம் 1.875 இருக்க வேண்டும். 2023-இல் அந்த 30 சதவீத வரம்பை எடுத்துவிட்டு, சால்வென்சியையும் எல்லோருக்கும் உள்ள 1.5-க்கு இறக்கினார்கள். அதன் பிறகுதான் சந்தை அசையத் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பெற்ற சூரிட்டி பாண்டுகளின் மொத்த மதிப்பு 2025 நடுவில் 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது. எண்ணிக்கையில் பெரும்பாலானவை ஈ.எம்.டி.க்கான பிட் பாண்டுகள். பெர்ஃபார்மன்ஸ் பாண்டுகள் அவற்றைவிட மிகக் குறைவு. இதைக் கவனியுங்கள். பிட் பாண்டில் ரிஸ்க் சில மாதம்தான், பெர்ஃபார்மன்ஸில் வருடக்கணக்கு. இந்தியக் கம்பெனிகள் இன்னும் காலை நனைத்துப் பார்க்கும் கட்டத்தில்தான் இருக்கின்றன.

இந்தத் தொழிலின் தாய்வீடு அமெரிக்கா. அரசாங்கக் கட்டுமானத்துக்குப் பாண்டு வேண்டும் என்று 1894-இலேயே ஹர்ட் சட்டம் போட்டார்கள். 1935-இல் அதன் இடத்தில் மில்லர் சட்டம் வந்தது. ஒரு வரம்புக்கு மேற்பட்ட எந்த மத்திய அரசுக் கட்டுமான வேலைக்கும் அங்கே இரண்டு பாண்டு: வேலையை முடிப்பதற்கு ஒன்று, சப் காண்ட்ராக்டர்களுக்கும் சப்ளையர்களுக்கும் பணம் போய்ச் சேருவதற்கு ஒன்று. அரசுச் சொத்தின்மீது பாக்கிக்காக உரிமை கோர முடியாது என்பதால் இந்த இரண்டாவது பாண்டு வந்தது. எந்தெந்தக் கம்பெனியின் பாண்டை எவ்வளவு தொகைவரை ஏற்கலாம் என்று அந்நாட்டுக் கருவூலத் துறை ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சர்க்குலர் 570 என்றால் போதும், புரிந்துவிடும். இந்தியாவில் சப் காண்ட்ராக்டரின் பாக்கிக்கு அப்படி ஒரு பாண்டைச் சட்டம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நம் ஊரில் எத்தனை சென்ட்ரிங் மேஸ்திரிகளும் ஜல்லி சப்ளையர்களும் பிழைத்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு. அது வேறு கதை.

அமெரிக்கப் புத்தகங்களைப் படிக்கும்போது ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. அங்கே பெர்ஃபார்மன்ஸ் பாண்டு பெரும்பாலும் நிபந்தனைக்கு உட்பட்டது. வேலை கொடுத்தவர் காண்ட்ராக்டரின் தவறை முறைப்படி அறிவிக்க வேண்டும், சூரிட்டி கம்பெனி விசாரிக்கும், பிறகு அதே காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்துவதா, வேலையைத் தானே எடுத்து முடிப்பதா, வேறு காண்ட்ராக்டரைக் கொண்டுவருவதா, பணமாகக் கொடுத்துவிடுவதா என்று முடிவு செய்யும். இங்கே அரசுத் துறைகள் கேட்பது பேங்க் கேரண்டி போலவே, கேட்டவுடன் மறுபேச்சில்லாமல் பணம் கொடுக்கும் பாண்டு. காரணம் கேட்க முடியாது. கோர்ட்டுக்குப் போனாலும் அப்பட்டமான மோசடி, ஈடுசெய்ய முடியாத அநீதி என்ற இரண்டு குறுகிய வாசல்கள்தான். ஆக, இந்திய சூரிட்டி அண்டர்ரைட்டரின், அதாவது ரிஸ்க்கை எடைபோட்டு ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பவரின், வேலை இன்சூரன்ஸைவிட வங்கிக் கடன் அதிகாரியின் வேலைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் வங்கிக்காரரிடம் அடமானப் பத்திரம் இருக்கும். இவரிடம் பெரும்பாலும் ஒரு கையெழுத்து மட்டும்தான். அதனால் காண்ட்ராக்டரைப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும்.

நீங்கள் அங்கே தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

சூரிட்டியில் ஆளின் குணம், வேலை முடிக்கும் திறன், பண பலம் என்ற மூன்றையும் பார்ப்பது பழைய வழக்கம். மூன்றாவதை எந்த பி.காம். பட்டதாரியும் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து எடுத்துத் தருவார். காண்ட்ராக்டர் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். அது மார்ச் 31-இன் படம். உண்மை, நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலில் இருக்கிறது: ஒவ்வொரு வேலைக்கும் ஒப்பந்த மதிப்பு, மொத்தச் செலவு மதிப்பீடு, இதுவரை ஆன செலவு, இதுவரை போட்ட பில்.

ஒரு கணக்கு போடுவோம். 100 கோடி ரூபாய் வேலை. செலவு 90 கோடி ஆகும் என்று மதிப்பீடு. இதுவரை 45 கோடி செலவாகியிருக்கிறது, அதாவது பாதி வேலை முடிந்தது, 50 கோடி சம்பாதித்தாயிற்று என்று கொள்ளலாம். ஆனால் பில் 62 கோடிக்குப் போட்டிருக்கிறார்கள். முதலில் வரும் ஐட்டங்களுக்கு அதிக ரேட் போட்டு டெண்டர் எடுத்தால் இப்படி வரும், உங்களுக்குத் தெரியாததா? இந்த 12 கோடி காண்ட்ராக்டரின் பணம் இல்லை, இனி செய்ய வேண்டிய வேலைக்கு முன்கூட்டி வாங்கியது. அந்தப் பணம் வங்கியில் இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் வேறு ஏதோ ஒரு வேலையின் ஓட்டையை அடைக்கப் போயிருக்கிறது. அடுத்த கேள்வி, எந்த வேலை என்பதுதான்.

அதே வேலையில் பில் 40 கோடிக்குத்தான் போயிருக்கிறது என்றால்? 10 கோடி வேலை செய்தும் பில் ஆகவில்லை. செய்த வேலையின் அளவைப் பதியும் எம்.பி. புத்தகத்தில் ஏறாமல் நிற்கலாம், நியாயமான தாமதமாக இருக்கலாம். கூடுதல் ஐட்டத்துக்கு இன்ஜினியர் ரேட் ஒப்புக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது அந்த 90 கோடி மதிப்பீடே பொய்யாக இருக்கலாம். உண்மையான செலவு 105 கோடி என்று வைத்துப் பாருங்கள். 45 கோடி செலவு என்பது 43 சதவீத வேலைதான். 10 கோடி என்று காட்டியது 3 கோடியாகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் வேலை முழுவதிலும் வரப்போகும் 5 கோடி நஷ்டத்தையும் இப்போதே கணக்கில் எழுத வேண்டும் என்கிறது கணக்கியல் தரநிலை. எது உண்மை என்பதைக் கண்டுபிடிக்க, பாக்கி இருக்கும் வேலை என்ன, எந்தப் பாலத்துக்கு பைலிங் முடிந்தது, நிலம் கையகப்படுத்தாத நீளம் எவ்வளவு, தார் விலை ஏறினால் கூட்டித் தரும் எஸ்கலேஷன் உண்டா என்று கேட்கத் தெரிய வேண்டும். ஆடிட்டர் இதைக் கேட்கமாட்டார். நான்கு வருடம் ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) போட்டவர் கேட்பார். காண்ட்ராக்டரின் ஆள் சொல்லும் பதிலில் சாக்கு எது, சங்கதி எது என்றும் அவருக்குத் தெரியும்.

இன்னொன்று ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணையில் இருக்கும் பாக்கி. நம் ஊர் கட்டுமான நிறுவனங்களின் சொத்துப் பட்டியலில் அரசிடமிருந்து வர வேண்டிய கிளெய்ம் தொகை பெரிதாக உட்கார்ந்திருக்கும். தீர்ப்பு வந்திருக்கும், மேல்முறையீட்டில் கிடக்கும். இதை முழுச் சொத்தாக எடுத்துக்கொள்ளும் அண்டர்ரைட்டர் நெடுநாள் நிலைக்கமாட்டார். ஃபைலில் எவ்வளவைத் தள்ளுபடி செய்வது என்ற முடிவில்தான் ஒருவரின் அனுபவம் தெரியும்.

காண்ட்ராக்டர்கள் ஏன் விழுகிறார்கள் என்ற கேள்விக்கு எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான். வேலை இல்லாமல் விழுபவர்களைவிட, அதிக வேலை எடுத்து விழுபவர்கள் அதிகம். 40 கோடி வேலை வரை செய்து பழகியவர் 200 கோடி வேலைக்குப் போவார். சாலை போட்டவர் சுரங்கப் பாதைக்குப் போவார். தெரிந்த மாவட்டத்தை விட்டு, ஆளும் சப்ளையரும் தெரியாத மாநிலத்துக்குப் போவார். அல்லது எல்லாவற்றையும் தலையில் வைத்திருந்த பெரியவர் இறந்துபோவார், பிள்ளைகளுக்குள் பாகப் பிரச்சினை வரும். டெண்டரில் எல்-1 (மிகக் குறைந்த) விலைக்கும் எல்-2 (அடுத்த) விலைக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால், அது ஏன் என்று எழுத்தில் பதில் வாங்காமல் பாண்டு கொடுக்கக் கூடாது. மதிப்பீட்டைவிட மிகக் கீழே விலை போட்டவரிடம் கூடுதல் செக்யூரிட்டி கேட்கும் வழக்கத்துக்கும் இதுவே காரணம்.

பெரிய பெயர் என்றால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் கரில்லியன் 2018 ஜனவரியில் கவிழ்ந்தபோது அது அந்நாட்டின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்று. இன்னொரு பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும். என்ரான் 2001-இல் விழுந்தபோது, எரிவாயு, எண்ணெய் சப்ளைக்கு என்று கொடுக்கப்பட்ட சூரிட்டி பாண்டுகள் உண்மையில் வங்கிக் கடனுக்கு மறைமுகப் பிணையாக இருந்தன என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுக்க மறுத்தன. ஜே.பி. மார்கன் சேஸ் வழக்குப் போட்டது. சுமார் நூறு கோடி டாலர் விவகாரம். 2003 தொடக்கத்தில் சமரசத்தில் முடிந்தது. இந்திய வழிகாட்டுதல்கள் நிதிக் கடனுக்கான உத்தரவாதத்தை சூரிட்டியில் சேர்க்காமல் வெளியே நிறுத்தியிருப்பதன் அர்த்தம் இதைப் படித்தால் விளங்கும். வேலையைச் செய்து முடிப்பதற்குப் பிணை நிற்கலாம், வாங்கிய கடனைக் கட்டுவதற்கு நிற்கக் கூடாது.

சரி, இவ்வளவு பொருத்தம் இருந்தும் ஏன் நேராகப் போக வேண்டாம் என்கிறேன்? இரண்டு காரணம். சூரிட்டி இங்கே, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்சூரன்ஸ் தரும் ரீஇன்சூரன்ஸ் கம்பெனிகளின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பெனி ஒரு பெரிய பாண்டைத் தன் கையில் முழுதாக வைத்துக்கொள்ளாது, பெரும் பங்கை ரீஇன்சூரருக்குத் தள்ளும். இரண்டு மூன்று பெரிய நஷ்டம் வந்து ரீஇன்சூரர் பின்வாங்கினால், டீமையே சுருக்கிவிடுவார்கள். அமெரிக்காவிலேயே 2001-இல் ஆம்வெஸ்ட் என்ற சூரிட்டி கம்பெனி திவாலாகி, அதைச் சுற்றிய வருடங்களில் மற்றவர்களும் கையை இறுக்கினார்கள். சூரிட்டி மட்டும் தெரிந்தவருக்கு அப்படிப்பட்ட காலத்தில் போக்கிடம் இல்லை. இரண்டாவது, கட்டுமானத்தின் மற்ற ரிஸ்க்குகள் தெரியாமல் சூரிட்டி மட்டும் பார்ப்பது அரைக் கண் பார்வை. வெள்ளத்தில் பாதி கட்டிய பாலம் போய், அதற்குச் சரியான பாலிசி இல்லையென்றால், அந்த நஷ்டம் நேராக வந்து உங்கள் பாண்டில்தான் விழும்.

அதனால் முதல் வேலை இன்ஜினியரிங் இன்சூரன்ஸில் தேடுங்கள். கட்டுமான வேலைகளுக்கான சி.ஏ.ஆர். பாலிசி, இயந்திரம் நிறுவுவதற்கான ஈ.ஏ.ஆர்., காண்ட்ராக்டரின் ஜே.சி.பி., பேவர் போன்றவற்றுக்கான சி.பி.எம்., தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுப் பாலிசி. நீங்கள் சைட்டில் பார்த்த ஒவ்வொன்றும் இதில் ஒரு ஷரத்தாக இருக்கும். மழைக்காலத்தில் ஒரே நேரத்தில் எத்தனை மீட்டர் பள்ளத்தைத் திறந்து வைக்கலாம் என்று பாலிசியில் நிபந்தனை இருக்கும்; அதைப் படிக்காத சைட் மேனேஜரால் கிளெய்ம் போகும். டிசைன் தவறால் இடிந்தால் எவ்வளவு கிடைக்கும், பக்கத்து வீட்டுச் சுவர் விரிந்தால் யார் கொடுப்பது, பராமரிப்புக் காலத்தில் எது செல்லும் எது செல்லாது என்பதெல்லாம் இங்கே பழகிக்கொள்ளலாம்.

தொழிற்சாலை, கிடங்கு சார்ந்த ஃபயர் இன்சூரன்ஸையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள், கமர்ஷியல் இன்சூரன்ஸின் சோறு அதுதான். 2021 ஏப்ரல் முதல் 5 கோடி வரையுள்ள சொத்துக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்று ஒரே மாதிரியான பாலிசிகள் வந்துவிட்டன. அதில் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது ஆவரேஜ் கணக்கு. 10 கோடி சொத்தை 6 கோடிக்கு இன்சூர் செய்து, 1 கோடிக்கு நஷ்டம் வந்தால், கிடைப்பது 60 லட்சம். மேலே சொன்ன இரண்டு பாலிசியிலும் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். அதற்கு மேல் வெட்டுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கிண்டி, அம்பத்தூர் பக்கம் தண்ணீர் ஏறியபோது, பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்க ஸ்டாக் மதிப்பைக் குறைத்துக் காட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கிய நேரம் தப்பான நேரம். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிப் புரியவைப்பதுதான் நல்ல புரோக்கரின் வேலை. சொன்னால் முகம் சுளிப்பார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னதை மெயிலிலும் போட்டு வைக்க வேண்டும்.

எங்கே சேருவது? இன்சூரன்ஸ் கம்பெனியா, புரோக்கரா என்றால், முதல் மூன்று வருடத்துக்கு நான் புரோக்கர் பக்கம்தான் சாய்வேன். கம்பெனியில் உங்கள் கம்பெனியின் பாலிசி மட்டும் தெரியும். புரோக்கரிடம் ஒரே ரிஸ்க்குக்கு ஐந்து கம்பெனியின் கொட்டேஷன் மேஜையில் இருக்கும், வாசகத்துக்கு வாசகம் ஒப்பிட்டுப் பார்க்கலாம், கிளெய்மில் வாடிக்கையாளர் பக்கம் நின்று வாதாடலாம். ஆனால் அண்டர்ரைட்டிங் அதிகாரம், அதாவது 'இந்த ரிஸ்க் வேண்டாம்' என்று சொல்லும் கை, கம்பெனியில்தான் இருக்கிறது. சூரிட்டிக்கு அந்தப் பழக்கம் வேண்டும் என்பதால் பிறகு அங்கே மாறலாம். கிளெய்மில் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் என்ற மூன்றாவது வழியும் உண்டு. மோட்டார் அல்லாத கிளெய்மில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் லைசென்ஸ் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும். இன்ஜினியர்கள் பயிற்சியும் தேர்வும் முடித்து அந்த லைசென்ஸ் வாங்கலாம். சொந்தக் காலில் நிற்க விரும்புபவருக்கு நல்லது. ஆனால் சைட் அலைச்சல் போதும் என்கிறீர்கள். சர்வேயருக்கு அலைச்சல் அதைவிட அதிகம், அதுவும் இடிந்த இடத்துக்கும் எரிந்த இடத்துக்கும்.

சென்னையில் இருந்தே செய்ய முடியுமா என்பதும் வரும் கேள்விதான். கமர்ஷியல் இன்சூரன்ஸ் முடியும். யுனைடெட் இந்தியா, ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ். மூன்றுக்கும் தலைமையகம் இங்கேதான், பெரிய புரோக்கர்கள் எல்லோருக்கும் கிளையும் உண்டு. சூரிட்டிக்கு மட்டும் மும்பை, புனே, டெல்லி என்று யோசிக்க வேண்டியிருக்கும். முடிவெடுப்பவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படிப்பு விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். மும்பையில் இருக்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவின் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ என்ற மூன்று படிகள்தான் இந்தத் துறையில் எல்லோரும் மதிப்பது. வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். ஃபயர், இன்ஜினியரிங், லயபிலிட்டி பாடங்களை முதலில் எடுங்கள். அமெரிக்காவில் சூரிட்டிக்கென்றே ஏ.எஃப்.எஸ்.பி. என்ற சான்றிதழ் இருக்கிறது; அங்கே போகும் எண்ணம் இருந்தால் பார்க்கலாம், இங்கே அது இல்லை என்று யாரும் உங்களை ஒதுக்கமாட்டார்கள். லட்சங்கள் கட்டி இரண்டு வருட எம்.பி.ஏ. போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதற்குப் பதிலாக வார இறுதியில் கணக்கியல் கற்றுக்கொள்ளுங்கள். கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டை நோட்ஸோடு சேர்த்துப் படிக்கும் அளவுக்கு வந்தால் போதும். உங்களுக்கு இப்போது இருக்கும் பெரிய ஓட்டை அதுதான்.

சம்பளம் முதல் இரண்டு வருடம் இப்போது வாங்குவதைவிடக் குறையலாம், சைட் அலவன்ஸ் போய்விடும். அதற்கு வீட்டில் தயார் செய்து வையுங்கள். புரோக்கரிடம் வாடிக்கையாளரைக் கொண்டுவரும் ஆளுக்குப் பணம் வேகமாக ஏறும். அண்டர்ரைட்டருக்கு மெதுவாக ஏறும், ஆனால் அவரைத் தேடி வேறு கம்பெனிகள் வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரினியூவல் என்ற பெயரில் தூக்கம் போகும். நாலரை மணிக்கு டெண்டர் மூடும் நாளில் மூன்று மணிக்கு பிட் பாண்டு கேட்டு ஃபோன் வரும். வேண்டாம் என்று சொல்லும் வேலை என்பதால் பழைய நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். காண்ட்ராக்டர் உலகம் சின்னது, நீங்கள் மறுக்கப்போவது முன்பு உங்களோடு டீ குடித்தவரின் ஃபைலாகவே இருக்கும்.

இப்போது இருக்கும் வேலையை விடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் ஆபீஸில் பேங்க் கேரண்டி ரிஜிஸ்டர் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அவரிடம் பழகுங்கள். எந்தக் கேரண்டி எதற்கு, மார்ஜின் எவ்வளவு, எக்ஸ்டென்ஷனுக்கு ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். பெரும்பாலும் அவரிடம் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. ஒப்பந்தப் பத்திரத்தில் இன்சூரன்ஸ் ஷரத்தையும் செக்யூரிட்டி ஷரத்தையும் எடுத்துப் படியுங்கள்.

இன்டர்வியூவுக்கு உங்கள் கம்பெனியின் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள், பெயரை மறைத்தும் வேண்டாம். பங்குச் சந்தையில் பட்டியலான சாலை நிறுவனம் ஏதாவது ஒன்றின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். பில் ஆகாத வருமானம், வர வேண்டிய பாக்கிகளின் வயது, ஆர்பிட்ரேஷன் கிளெய்ம், நோட்ஸில் ஒளிந்திருக்கும் பேங்க் கேரண்டி தொகை, ஆர்டர் புக்கில் புது மாநிலம் எத்தனை என்று பார்த்து, இந்த நிறுவனத்துக்கு 50 கோடி பெர்ஃபார்மன்ஸ் பாண்டு கொடுப்பேனா மாட்டேனா, கொடுத்தால் என்ன நிபந்தனையில் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். கேட்பவர் சூரிட்டி ஆளாக இருந்தால் மீதி நேரம் முழுக்க அந்த இரண்டு பக்கத்தைப் பற்றித்தான் பேச்சு இருக்கும்.